எம் போட்ட அடுக்கு

ஓடில் அத்தை மாடி ஜன்னலின் மரக்கதவைப் பாதி இழுத்திருந்தாள். சொலேன் பின்னால் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மூடாதீங்க அத்தை."

"கையை விடு. உங்கப்பன் செத்துக் கிடக்கான். ஜன்னலைத் திறந்து போட்டுக்கிட்டு உக்காரச் சொல்றியா?"

"ஆறு மணி வரைக்கும்."

"எனக்குத் தம்பி அவன்."

"எனக்கு அப்பா. கதவை விடுங்க."

அத்தை விட்டாள். மரக்கதவு பழையபடி சுவரில் போய் இடித்து நின்றது. இந்த ஊரில் பட்டப்பகலில் ஜன்னல் மூடியிருந்தால் இரண்டே அர்த்தம். வீட்டில் இருப்பவர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள், அல்லது போய்விட்டார்கள். மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்த ஹூபேர் எந்த ஊருக்கும் போகமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஏழு பத்துக்கு மூச்சு நின்றது. சொலேன் இரவு ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு வந்திருந்தாள். பிளாஸ்டிக் தொழிற்சாலையின் சாம்பல் நிறச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டது. அடுத்தது வரவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். எட்டு மணிக்கு வழக்கமாக வரும் நர்ஸ் வந்து பார்த்தாள். பக்கத்து ஊர் டாக்டர் எட்டரைக்கு வந்து கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரிடமும் சொலேன் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "இன்னிக்கு ஊர் நடை. சாயந்தரம் வரைக்கும் வாயைத் திறக்காதீங்க." டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அத்தை கைக்குட்டையால் ஹூபேரின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தாள். உச்சந்தலையில் முடிச்சின் இரண்டு முனைகளும் முயல்காது மாதிரி நின்றன. அவர் பார்த்திருந்தால் கண்ணாடி கொண்டுவரச் சொல்லியிருப்பார்.

ஜன்னலுக்குக் கீழே தெரு நிரம்பிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் பதிவு மேசை. முந்நூற்று அறுபது பேர், முப்பது முப்பதாகப் பன்னிரண்டு கூட்டம், இருபது நிமிடத்துக்கு ஒரு கூட்டம். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு துணிப்பை, பையில் ஒரு கண்ணாடிக் கோப்பை. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே எட்டு கிலோமீட்டர். நாலு இடத்தில் நின்று சாப்பிட்டுக் குடித்துவிட்டு ஊர்ச் சதுக்கத்துக்கு இறங்கினால் இனிப்பு. வருடா வருடம் மே மாதத்து மூன்றாம் ஞாயிறு இந்த நடை.

ஒரே ஒரு வருடம் நின்றது. அன்று காலை மேயரின் மாமியார் செத்துப்போனாள். மரியாதைக்காக நிறுத்தினார்கள். நானூறு பேருக்கு வெந்த கோழியும் காளானும் மூன்று நாள் ஊர் நாய்களுக்குப் போயின. "அந்தம்மா உசிரோட இருந்தப்ப ஒரு கோழிக்கால் யாருக்கும் குடுத்ததில்ல. செத்தப்புறம் நானூறு கோழிக்கால் குடுத்திருக்கு" என்று ஹூபேர் அடுத்த பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். போன வியாழக்கிழமை, பேச்சு துண்டு துண்டாகிவிட்ட நிலையில், மகளைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நடை."

"தெரியும்."

"கடைசி ஆளு இறங்கற வரைக்கும் நான் உசிரோடதான் இருக்கேன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"உங்கத்தை ஜன்னலை மூடுவா. விடாத."

அவ்வளவுதான். மகள் ஒயின் பள்ளியை இரண்டாம் வருடத்தில் பாதித் தேர்வில் எழுந்து விட்டுவிட்டு வந்தபோது மூன்று மாதம் பேசாமல் இருந்தவர் அவர். அதன்பிறகும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. கேட்ட முதல் காரியம் இது.

"சரி, ஜன்னலை மூடல" என்றாள் அத்தை. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பீப்பாய்ங்க கிட்டயாவது போய்ச் சொல்லிட்டு வா. எங்கப்பா செத்தப்ப இவன்தான் போய்ச் சொன்னான். சொல்லலைன்னா உள்ள இருக்கறது புளிச்சுப்போகும்."

"அதெல்லாம் சும்மா."

"சும்மாதான். போ."

சொலேன் நிலவறைக்கு இறங்கினாள். பதினெட்டுப் பீப்பாய்கள். விரல் முட்டியால் ஒவ்வொன்றையும் மூன்று தரம் தட்டினாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. தட்டினால் போதும் என்று வைத்துக்கொண்டாள். முழுதாக நிரம்பியது ஒரு மாதிரி ஒலித்தது. மஞ்சள் ஒயின் வைத்திருக்கும் பீப்பாய்கள் வேறு மாதிரி. ஆறு வருடம் தொடாமல், குறைவதை நிரப்பாமல் விடவேண்டிய ஒயின். அதனால் மேலே ஒரு வெற்றிடம் எப்போதும் இருக்கும்.

பதினாறாவது பீப்பாயைத் தாண்டியதும் கை நின்றது.

படிக்கட்டுக்குப் பக்கத்தில், சுவர்க் குழியில், முப்பது புட்டி அப்படியே இருந்தது. மேலே ஒரு சிலேட்டு. சிலேட்டில் சாக்பீஸால் எம் என்ற எழுத்து.

அவள் நிலவறையின் மறுகோடிக்கு, தெருப்பக்கக் கதவுக்கு, ஓடினாள். அங்கேயும் ஒரு சுவர்க் குழி. காலி. தரையில் இன்னொரு சிலேட்டு. அதிலும் எம். திருப்பினாள். பின்பக்கம் அப்பாவின் கோணல் கையெழுத்து: "உறைபனி வருஷம். என் பாதி."

நேற்று மாலை, நடையை நடத்தும் தீயணைப்புப் படை ஆட்கள் இரண்டு பேர் டிராக்டரோடு தெருப்பக்கக் கதவில் வந்து நின்றார்கள். நாலாவது இடத்துக்கு ஹூபேர் வீட்டு மஞ்சள் ஒயின் முப்பது புட்டி. எதைக் கொடுப்பது என்று சொலேன் மாடியேறிக் கேட்டாள். "எம் போட்டதைக் குடு" என்றார் ஹூபேர். வந்த கதவுக்குப் பக்கத்தில் இருந்த எம்மை அவள் காட்டினாள். அவர்கள் ஏற்றினார்கள்.

நடைக்கு எம். சாவுக்கும் எம். அவர்கள் பேச்சில் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கும். ஹூபேர் எந்தச் சொல்லையும் முழுதாக எழுதியவர் இல்லை.

அந்த முப்பதும் அவருடைய அடக்கத்துக்கான ஒயின். சொலேனுக்கு எட்டு வயதாக இருந்தபோது ஏப்ரல் மாத உறைபனி ஒரே இரவில் குருத்தை எல்லாம் கருக்கியது. ஹூபேருக்கும் அவருடைய சிநேகிதர் ரொலானுக்கும் தனித்தனியாகப் பீப்பாய் நிரப்பப் பழம் இல்லை. இருவரும் இருந்த பழத்தைச் சேர்த்துக் கொட்டி ஒரே பீப்பாயாகச் செய்தார்கள். பின்னால் ஆளுக்கு முப்பது புட்டி எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஒருவன் வீட்டு முப்பது அந்த வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் திறக்கப்படும் என்று பேச்சு. ரொலானின் முப்பது பதினோரு வருடத்துக்கு முன் அவர் மனைவி மிரேயின் அடக்கத்தன்று தீர்ந்துவிட்டது. உலகத்தில் மிச்சம் இருந்தது இந்த முப்பதுதான்.

நாலாவது இடத்தில் நின்று ஊற்றப்போகிறவர் ரொலான்.

அவர் ஒரு மோப்பம் பிடித்தால் போதும். எந்த வாயைக் கட்டினாலும் பிரயோசனம் இல்லை. அப்பாவின் சாவை அந்தப் புட்டி சொல்லிவிடும். அவர் மேசையைப் போட்டபடி விட்டு இறங்கி வருவார். பின்னால் ஊரே இறங்கும்.

மணி ஒன்பது ஐம்பது. நாலாவது இடம் மேலே, சுண்ணாம்புப் பாறைச் சுவரின் அடியில். அங்கே போன் எடுக்காது. ரொலானிடம் போனும் கிடையாது. வண்டிப் பாதையை நடைக்காக மறித்திருந்தார்கள். குறுக்குப் பாதை மார்ச் மழையில் சரிந்துபோயிருந்தது. முதல் கூட்டம் பன்னிரண்டேகாலுக்கு அங்கே இருக்கும்.

படிக்கட்டுப் பக்கத்து எம்மிலிருந்து ஆறு புட்டிகளை எடுத்து முதுகுப்பையில் துணி சுற்றி அடுக்கினாள். முதல் இரண்டு கூட்டத்துக்காவது தாங்கும். அதற்குள் யாரையாவது இறக்கி மிச்சத்தை எடுத்துவரச் செய்யலாம். பையைத் தூக்கியபோது தோள்பட்டை முனகியது. எட்டு ஒன்பது கிலோ இருக்கும். அடுக்களைக் கொக்கியில் தொங்கிய அப்பாவின் கோப்பைப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இல்லாமல் போனால்தான் பார்ப்பார்கள்.

"எங்கடி?" என்று மாடியிலிருந்து அத்தை கத்தினாள்.

"நடைக்கு."

மாடியில் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, "போ, போ. குடும்பமே இப்படித்தான்" என்று கேட்டது.

*

முதல் இடம் பள்ளத்து ஓடைப் பாலத்தில். நுரைக்கும் வெள்ளை ஒயின், சீஸ் வைத்துச் சுட்ட உருண்டை. ஊற்றிக்கொண்டிருந்தவன் பஸ்கால். தீயணைப்புப் படைத் தலைவன். நேற்று டிராக்டரோடு வந்தவர்களில் ஒருவன்.

"யாரு பாரு! நைட் ஷிப்ட் மகாராணி பகல்ல நடமாடறாங்க!" என்று கோப்பையை நிரப்பினான். "அப்பா எப்படி இருக்காரு?"

"படுத்திருக்காரு."

"ஜன்னல் திறந்திருக்கறதைப் பாத்தேன். நேத்து டிராக்டர்ல ஏத்தறப்ப நெனச்சேன், கிழவன் இந்த நடையைப் பாக்காமப் போகமாட்டான்னு."

"பாத்துக்கிட்டுதான் இருக்காரு."

"பையில என்ன? கல்லா?"

"மேல ரொலானுக்கு."

"அட, ரேடியோல சொன்னா நம்ம ஆளு தூக்கிட்டுப் போவானே. என்னன்னு சொல்லு, இப்பவே சொல்றேன்." இடுப்பிலிருந்த கருவியை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான். அந்தக் கருவியில் ஒரு வார்த்தை சொன்னால் நாலு இடத்திலும் பதினெட்டு காதில் விழும்.

"ஒண்ணும் வேணாம்."

"கோவமா?"

"ஆமா. ஊத்து."

ஒரே மடக்கில் குடித்துவிட்டு நடந்தாள். பின்னால் பஸ்கால் அடுத்தவனிடம், "அப்பனை மாதிரியேதான், முள்ளு" என்றான்.

இரண்டாம் கூட்டத்தோடு ஏறினாள். எல்லாரும் வெளியூர்க்காரர்கள். ஒரே நிறத் தொப்பி போட்ட அலுவலகக் கும்பல் ஒன்று. பாடிக்கொண்டே வந்த நாலு பெண்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு தடித்த மனிதர் அவள் பக்கத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். சிவந்த முகம், புது பூட்ஸ்.

"அந்தப் பையை நான் கொஞ்ச நேரம் தூக்கறேனே."

"வேணாம்."

"என்னதான் இருக்கு?"

"ஒயின்."

அவர் நின்றே விட்டார். "ஒயின் குடிக்கற நடைக்கு வீட்டுலேருந்து ஒயின் கட்டிக்கிட்டு வந்த முதல் ஆளு நீங்கதான். எங்க ஊர்ல உங்களுக்குச் சிலை வெப்பாங்க."

சொலேனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. இன்று சிரிக்கலாமா என்று யோசித்தாள். ஆறு மணி வரை அவர் உயிரோடுதானே இருக்கிறார், சிரிக்கலாம்.

கொடிகளில் இலை கையகலம் விட்டிருந்தது. அப்பாவின் நிலத்தைக் கடந்தபோது நாலாம் வரிசையில் கம்பி தளர்ந்து கிடப்பதைப் பார்த்தாள். புதன் அல்லது வியாழன் இழுத்துக் கட்டவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அடக்கமும் புதன் அல்லது வியாழன்தான் இருக்கும் என்று நினைவுக்கு வந்தது.

இரண்டாம் இடத்தில் வெளிர்சிவப்பு ஒயின், புகைபோட்ட தொத்திறைச்சி. நிற்காமல் தாண்டினாள். மூன்றாம் இடம் பெரிய கொட்டகை. கோழியும் காளானும் ஆறு அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தன. கரண்டி பிடித்திருந்த மார்த்தினை அப்படித் தாண்ட முடியாது. மார்த்தின் அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"நில்லுடி. உங்கப்பாவுக்குப் பங்கு எடுத்து வெச்சிருக்கேன்." மூடி போட்ட ஒரு பாத்திரத்தைக் காட்டினாள். "தொடைக்கறி, எலும்பில்லாம. மசிச்சுக் குடுத்தா இறங்குமா?"

"இறங்காது."

"கொஞ்சம் குழம்பாவது?"

சொலேன் பாத்திரத்தைப் பார்த்தாள். மூடியின் மேல் பென்சிலால் 'ஹூபேர்' என்று எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது.

"இறங்கறப்ப வாங்கிக்கறேன்" என்றாள்.

மார்த்தின் அவள் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். "தூங்கினியா நீ?"

"இல்ல."

"மூஞ்சி காட்டுது. போ, போய் வந்து தூங்கு."

அங்கிருந்து செங்குத்து ஏற்றம். பை முதுகில் தாளம் போட்டது. ஒவ்வொரு அடிக்கும் புட்டிகள் துணிக்குள் ஒன்றோடொன்று முட்டின. பெல்ஜியத்து மனிதர் எங்கோ பின்தங்கினார். முதல் கூட்டத்தின் வாலை எட்டிப்பிடித்தாள், நடுவைத் தாண்டினாள், தலையையும் தாண்டினாள். "ஓட்டப்பந்தயம் இல்லைங்க!" என்று யாரோ கத்தினார்கள். ஒயின் பள்ளியில் தேர்வுக் கூடத்தை விட்டு வெளியேறியபோதுகூட இவ்வளவு வேகமாக நடந்ததில்லை. அன்று பன்னிரண்டு கோப்பைகளை முன்னால் வைத்து என்ன தெரிகிறது எழுது என்றார்கள். அவளுக்கு ஒயின் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

பாறைச் சுவரின் அடியில் நீலத் தார்ப்பாய்ப் பந்தல். நீண்ட மேசை. வண்டிச் சக்கரம் போல ஒரு சீஸ், பாதி வெட்டியிருந்தது. உடைத்த அக்ரூட் இரண்டு கூடை. மேசைக்குப் பக்கத்தில் துப்பும் வாளி. ரொலான் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கோப்பைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

மேசையின் மேல் முப்பது புட்டி. முப்பதும் திறந்திருந்தது. தக்கைகள் ஒரு தட்டில் குவிந்திருந்தன.

சொலேன் பையை இறக்கினாள். மூச்சு வாங்கியது.

"தண்ணி அங்க இருக்கு" என்றார் ரொலான்.

"எப்பத் திறந்தீங்க?"

"எட்டு மணிக்கு. இந்த ஒயினுக்குக் காத்து வேணும். உங்க பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா?" எப்போதும் சொல்லும் கிண்டல்தான். குரலில் கிண்டல் இல்லை.

"மோந்து பாத்தீங்களா?"

"முதல் புட்டியிலேயே."

கல்லீரலுக்காக டாக்டர் மறுத்ததிலிருந்து ரொலான் விழுங்குவதில்லை. மோப்பார், வாயில் உருட்டுவார், வாளியில் துப்புவார். கடைசியாக விழுங்கியது மிரேயின் அடக்கத்தன்று.

"அப்பறம் ஏன் மத்த இருபத்தொம்பதையும் திறந்தீங்க?"

அவர் துணியை இன்னொரு மடிப்பு மடித்தார். பிறகு கையை நீட்டிக் கீழே காட்டினார். ஊர் முழுதும் தெரிந்தது. மாதா கோயில், பள்ளிக்கூடம், அதற்குப் பக்கத்தில் ஹூபேரின் வீடு. நாலு ஜன்னல்கள். நாலும் திறந்திருந்தன.

"திறந்து இருந்துச்சு" என்றார். "புட்டி ஒண்ணு சொல்லுது. ஜன்னல் ஒண்ணு சொல்லுது. ரெண்டும் சேந்தா ஹூபேர் பேசற மாதிரியே இருந்துச்சு. கோழி வீணாகக்கூடாதுன்னு அவன் பேசுவானே, அது மாதிரி." துணியை மறுபடி கையில் எடுத்தார். "எனக்கு மட்டும் தெரியணும்னு அனுப்பிருக்கான். அப்படித்தானே?"

தப்பு நடந்துபோச்சு ரொலான், நான்தான் மாத்திக் குடுத்துட்டேன். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நாக்கின் நுனிவரை வந்தது. அவர் அவளைப் பார்க்காமல் கேட்டார். துணியின் மடிப்பைப் பெருவிரலால் நீவிக்கொண்டே கேட்டார்.

"எம் போட்டதைக் குடுன்னாரு" என்றாள் சொலேன்.

ரொலான் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அவனே சொன்னானா?"

"அவர் வாயாலதான்."

"ம்."

கீழே பாட்டுச் சத்தம் கேட்டது. முதல் கூட்டம் திருப்பத்தில் தலைகாட்டியது. ரொலான் மேசையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"இப்ப சொல்லு. திறந்ததைத் திரும்பக் கொண்டுபோக முடியாது. மூடி வெச்சாலும் அடக்கத்துக்குள்ள பாதி செத்துரும். உன் பையில வேற இருக்கு, சத்தத்துலயே தெரியுது. இதைக் கொட்டிட்டு அதை ஊத்தறதா, இதையே ஊத்தறதா? உன் வீட்டு ஒயின். நீ சொல்றதுதான்."

முப்பது பேர் வியர்வையோடு வந்து நின்றார்கள். கழுத்துப் பையிலிருந்து கோப்பைகள் வெளியே வந்தன. யாரோ சீஸைப் பார்த்து, "ஐயோ, இதைத் தூக்கிட்டு வந்தவன் இடுப்பு என்னாச்சோ" என்றார்கள்.

"ஊத்துங்க" என்றாள் சொலேன்.

அவள் கத்தியை எடுத்துச் சீஸ் வெட்ட ஆரம்பித்தாள். ரொலான் ஊற்றினார். ஆளுக்கு இரண்டு விரல் அளவு. ஆழ்ந்த மஞ்சள். பந்தலுக்கடியில் வறுத்த வெந்தயம் மாதிரி, அக்ரூட் மாதிரி ஒரு வாசனை எழுந்து நின்றது. சிலர் கண்ணை மூடினார்கள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். பின்னாலேயே வந்த இரண்டாம் கூட்டத்தின் ஒரே நிறத் தொப்பிக்காரர்களில் ஒருத்தி, "கெட்டுப்போனதை ஊத்தறாங்களா?" என்று பக்கத்தில் கேட்டுவிட்டு வாளியில் கவிழ்த்தாள்.

சொலேனின் கையில் கத்தி நின்றது. ஒரு அடி முன்னால் வைத்தாள். ரொலான் தன் முழங்கையை அவளுக்கு முன்னால் நீட்டினார், வெறுமனே இன்னொரு புட்டியை எடுப்பவர் போல.

"பரவாயில்லைம்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். "எல்லாருக்கும் பிடிக்காது. செஞ்சவனையும் எல்லாருக்கும் பிடிக்காது."

கூட்டம் சிரித்தது. ரொலானும் சிரித்தார். சொலேன் சீஸை வெட்டினாள். துண்டுகள் முதலில் கோணலாக வந்தன. பத்தாவது துண்டிலிருந்து நேராக வந்தன.

கடைசி ஆளாகப் பெல்ஜியத்து மனிதர் வந்து சேர்ந்தார். அது இரண்டாம் கூட்டத்தின் முடிவு. ஒரு மிடறு எடுத்தார். இன்னொரு மிடறு. அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டே வந்தவர், கோப்பையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"யார் செஞ்சது இது?"

"அதோ தெரியுதே, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடு" என்றார் ரொலான். "அந்த வீட்டுக்காரனும் நானும்."

"இருக்காரா அவர்?"

ரொலான் கையிலிருந்த புட்டியை மேசையில் வைத்தார்.

"ஜன்னல் திறந்துதானே இருக்கு" என்றார்.

பெல்ஜியத்து மனிதர் ஏதும் புரியாமல் தலையாட்டினார். கோப்பையைக் கீழே தெரிந்த வீட்டை நோக்கி ஒருமுறை உயர்த்தினார், நல்ல ஒயின் செய்த யாருக்கும் உயர்த்துவது போல. பிறகு சீஸ் இன்னொரு துண்டு கேட்டார். சொலேன் பெரிதாக வெட்டிக் கொடுத்தாள்.

அப்புறம் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மூன்றாவது, நாலாவது. ஒரு கிழவனுக்குக் கால் பிசகியது. சொலேன் கட்டுப்போட்டாள். ஒரு பெண் பாறையில் ஏறிப் பாடினாள். ரொலான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதே நகைச்சுவையை அதே இடத்தில் சொன்னார். ஒவ்வொரு புட்டி காலியானதும் அதைக் கவிழ்க்காமல் நேராக, வரிசையாகப் பாறையோரம் வைத்தார். உள்ளூர் ஆட்கள் பத்தாவது கூட்டத்தில் வந்தார்கள். அவர்களில் ஒருவர் மோந்துவிட்டு, "இந்த வருஷம் கிழவன் நல்லதா எடுத்துக் குடுத்திருக்கான்" என்றார். ரொலான், "கஞ்சத்தனம் போயிருச்சு போல" என்றார்.

ஐந்தரைக்குக் கடைசிக் கூட்டம் இறங்கியது. அவர்களுக்குப் பின்னால் நடையின் வாலாக வரும் தீயணைப்புப் படைக்காரன், வழிகாட்டி நாடாக்களை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே வந்தான். ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு, "எல்லாரும் இறங்கியாச்சு, ஒருத்தரும் பாக்கியில்ல" என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே போனான்.

பந்தலில் இருவர் மட்டும். சொலேன் சீஸ் தோலைப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். ரொலான் முப்பதாவது புட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நாலு விரல் மிச்சம் இருந்தது. இரண்டு கோப்பையில் சமமாக ஊற்றினார். அவளுடையது ஹூபேரின் கோப்பை. விளிம்பில் ஒரு சின்னச் சில்லு போயிருந்தது.

"அந்தப் பையில எத்தனை?"

"ஆறு. வீட்டுல இருபத்துநாலு."

"நடைக்கு வெச்சதா?"

"ஆமா."

"நல்ல ஒயின்தான் அது. அடக்கம் எப்ப வெக்கறீங்க?"

"புதன்கிழமை. பத்து மணிக்குன்னு மாதா கோயில்ல கேக்கணும்."

"முப்பது போதாது. என் வீட்டுலேருந்தும் கொண்டாறேன்."

"கொண்டாங்க."

இருவரும் கவிழ்த்துப் போட்ட பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள். கீழே சதுக்கத்தில் இசைக் குழு ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தது. சொலேன் ஒரு மிடறு எடுத்தாள். என்ன தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு மிடறு எடுத்தாள்.

மாதா கோயில் மணி ஆறு அடித்தது. அத்தை காத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறாவது அடி ஓய்வதற்குள் அடுக்களை ஜன்னல் மூடியது. பிறகு கூடம். பிறகு படிக்கட்டு ஜன்னல். மாடி அறை ஜன்னல் பாதி மூடித் திரும்பத் திறந்துகொண்டது. அதன் மேல் தாழ்ப்பாள் பல வருடமாகச் சரியில்லை, கொஞ்சம் தூக்கிப் பிடித்து இழுக்கவேண்டும். அத்தைக்குக் கை எட்டாது.

"நாற்காலி போட்டுக்கணும்" என்றாள் சொலேன்.

"போட்டுக்குவா."

காத்திருந்தார்கள். ரொலான் ஒயினை வாயில் எடுத்தார். வழக்கம்போல இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டினார். வாளி அவர் கால் பக்கத்திலேயே இருந்தது.

கீழே நாலாவது ஜன்னல் இரண்டாம் தடவை அசைந்தது. மூடியது. மூடியே இருந்தது.

ரொலானின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அவர் வாளியைக் காலால் மேசைக்கடியில் தள்ளிவிட்டு, எழுந்து, பந்தலின் முதல் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.